ஆல்ஃபிரட் பினே: ஐ.க்யூ.வுக்கு முந்தைய கதை

தேர்வு முடிவு வரும் நாட்களில் நம் லிஃப்டிலும் பார்க்கிலும் நடக்கிற பேச்சு உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தப் பிள்ளைக்கு மூளை அதிகம், அதற்கு அவ்வளவுதான் என்பார்கள். நடுவே ஐ.க்யூ. என்ற சொல்லும் வந்துவிடும். அந்தச் சோதனைக்கு அடித்தளம் போட்ட ஆல்ஃபிரட் பினேயைப் பற்றி இந்த இதழில் படியுங்கள்.

பினே 1857-ல் நீஸ் நகரில் பிறந்தார். படித்தது சட்டம். அதில் மனம் ஒட்டாமல், பாரிஸ் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து தாமாகவே உளவியல் படித்தார். பிறகு டாக்டர் ஷார்கோவிடம் சேர்ந்து ஹிப்னாடிசம், காந்தம் என்று எழுதினார். நோயாளிகள் டாக்டர்களின் எதிர்பார்ப்பை உணர்ந்து அப்படியே நடக்கிறார்கள் என்று பெல்ஜியத்தின் டெல்பேஃப் காட்டியதும், பினே தம் தவறை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அடுத்து அவர் கவனித்தது வீட்டிலிருந்த இரண்டு மகள்களை. மூத்தவள் மாட்லென் நிதானம், இளையவள் அலிஸ் துடுக்கு. நடை பழகியதில்கூட இருவரும் இரண்டு விதம். ஒரே வீட்டில் வளர்ந்தும் இப்படியா என்று அவர் யோசித்தார். இரண்டு பிள்ளை வைத்திருக்கும் உங்களுக்கு இது புதிதாக இருக்காது! இடையில் பள்ளிப் பிள்ளைகளின் தலையை அளந்தும் பார்த்தார். கெட்டிக்காரருக்கும் மந்தமானவருக்கும் இருந்த வித்தியாசம் மிகச் சொற்பம். அந்த வழியை விட்டுவிட்டார்.

பிரான்சில் 1882 முதல் கல்வி கட்டாயம். எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தார்கள், சிலரால் பாடத்தோடு ஓட முடியவில்லை. அவர்களை அடையாளம் கண்டு தனி உதவி தர 1904-ல் அரசு ஒரு குழு அமைத்தது. பினே அதில் உறுப்பினர். ஆசிரியரின் எரிச்சலோ டாக்டரின் அவசர முடிவோ ஒரு குழந்தையின் தலைவிதியாகிவிடக் கூடாது என்பது அவர் கவலை. டாக்டர் தியோடோர் சிமோனுடன் 1905-ல் 30 சோதனைகளைத் தயாரித்தார். 1908-ல் அவற்றை வயதுவாரியாகப் பிரித்தார். 5 வயதுக் குழந்தை 4 காசை எண்ணி, ஒரு சதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும். 9 வயதில் சில்லறைக் கணக்குப் பார்த்து மீதி தர வேண்டும். கவுண்டரில் இருந்த எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான்.

இந்த அளவு இன்றைய நிலையைத்தான் காட்டும், நாளையதை அல்ல என்பதில் பினே உறுதியாக இருந்தார். அறிவு பிறவியிலேயே முடிந்துபோன கணக்கு என்ற எண்ணத்தை 1909-ல் எழுதிய நூலில் கடுமையாக எதிர்த்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பயிற்சிகளும் வகுத்தார். சைகை கிடைத்ததும் சிலைபோல் அசையாமல் நிற்பது அவற்றில் ஒன்று. கவனம் பழகிய பிறகுதான் பாடம். பார்க்கில் நம் பிள்ளைகள் விளையாடும் ஸ்டாச்யூவேதான்.

1911 அக்டோபரில், 54 வயதில் காலமானார். ஐ.க்யூ. என்ற எண்ணை அவர் பார்க்கவே இல்லை. மன வயதை உண்மை வயதால் வகுக்கச் சொன்னவர் ஜெர்மானியர் ஸ்டெர்ன், 1912-ல். 100-ஆல் பெருக்கி, 1916-ல் அமெரிக்காவில் பரப்பியவர் டெர்மன். 8 வயதுக் குழந்தை 10 வயதுக் கேள்விகளைப் போட்டால் 125. எங்கள் வட்டிக் கணக்குபோல எளிது. அதனாலேயே வேகமாகப் பரவியது. அறிவு பரம்பரைச் சொத்து என்று நம்பிய டெர்மன், பினே மறுத்த அந்த அர்த்தத்தையே அந்த எண்ணுக்குக் கொடுத்தார். மறுத்துப் பேச பினே உயிரோடு இல்லை.