புல்தரையில் கோதுமை விதைத்த மந்திரி

டெல்லியில் மந்திரிகள் குடியிருக்கும் பங்களாக்களின் முன்னால் பச்சைப் பசேலென்று புல்தரை இருக்கும். மாலை வேளையில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். வரும் விருந்தாளிகளுக்கு அங்கேயே தேநீர் கொடுப்பார்கள். 1960-களின் நடுவில், ஒரு மந்திரியின் வீட்டில் மட்டும் அந்தப் புல்தரையை உழுது கோதுமை விதைத்தார்கள்!

உழச் சொன்னவர் அந்த வீட்டுக்காரரேதான். அவர் உணவு மந்திரி சி.சுப்பிரமணியம். மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த குட்டை ரகக் கோதுமை நம் மண்ணில் விளையுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று அவர் நினைத்தார்.

கோதுமைக்கும் தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அம்பாசமுத்திரத்திலும் சேரன்மாதேவியிலும் இன்று வயலில் நிற்கும் குட்டை நெல்லும், அந்த நெல்லுக்கு அரசாங்கம் விலை நிர்ணயிக்கும் முறையும் அவர் வெட்டிய வாய்க்காலில் வந்தவையே.

பொள்ளாச்சிப் பிள்ளை

சுப்பிரமணியம் 1910-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தது விஞ்ஞானம். பிறகு சட்டம் படித்து வக்கீல் ஆனார். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார்.

1952-ல் ராஜாஜி மந்திரிசபையில் இடம் பெற்றார். 1954-ல் ராஜாஜி விலகியபோது, சட்டசபைக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றார். ஆனால் காமராஜர் தம்மை எதிர்த்தவரையே தம் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். நிதி இலாகா அவரிடமே இருந்தது. மணிமுத்தாறு அணை எழும்பியது அந்த ஆண்டுகளில்தான்.

யாரும் விரும்பாத இலாகா

1962-ல் பார்லிமெண்டுக்குப் போனார். உருக்குத் துறை மந்திரியானார். 1964-ல் பிரதமரான லால்பகதூர் சாஸ்திரி, அவரை உணவு மந்திரி ஆக்கினார். அந்த நாளில் உணவு இலாகா என்றாலே அரசியல்வாதிகள் பயப்படுவார்கள். அதில் உட்கார்ந்தவர் பேர் கெட்டுத்தான் எழுந்திருப்பார் என்பது பேச்சு.

நாட்டில் தானியம் போதவில்லை. அமெரிக்கக் கப்பல்களில் வரும் கோதுமையை நம்பி நகரங்கள் சாப்பிட்டன. அந்த நிலையில் மழையும் பொய்த்தது. 1964-65-ல் சுமார் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த தானிய விளைச்சல், அடுத்த ஆண்டில் 7 கோடியே 20 லட்சம் டன்னாக விழுந்தது. 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் அதையும் மொத்தமாகக் கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டார். வாரம் ஒரு வேளை உணவை விட்டுக்கொடுக்கும்படி சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டார்.

நெல்லுக்கு வேலி கட்டிய ஊர் என்று பேர் பெற்ற நம் ஜில்லாவில் வற்றாத ஆறு உண்டு. எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கார், பிசானம் என்று இரண்டு போகம் உண்டு. ஆனால் தமிழகம் முழுவதும் அரிசிக்கு அலைந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை நெல் மட்டும் எத்தனை வயிற்றுக்குப் போதும்?

விலை, விதை, கிடங்கு

விவசாயிக்கு நஷ்டம் என்றால் அவன் ஏன் அதிகம் விளைவிக்க வேண்டும்? சுப்பிரமணியம் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினார். 1965-ல் விவசாய விலைக் கமிஷன் ஏற்பட்டது. விதைக்கும் முன்பே கட்டுப்படியான விலை இருக்கும் என்ற தைரியத்தை விவசாயிக்குக் கொடுப்பது அதன் நோக்கம்.

அடுத்தது விதை. உயரமாக வளரும் பழைய ரகங்களுக்கு உரம் அதிகம் போட்டால், தாள் நெடுநெடுவென்று வளரும். கதிர் முற்றும் நேரத்தில் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். குட்டை ரகம் சாயாது. போட்ட உரம் மணியாகத் திரும்பி வரும். விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் போன்றவர்கள் இதைச் சொன்னபோது அவர் காது கொடுத்துக் கேட்டார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18 ஆயிரம் டன் கோதுமை விதை கப்பலில் வந்தது.

மூன்றாவது கிடங்கு. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-ந் தேதி பிறந்தது. அதன் முதல் ஜில்லா அலுவலகம் திறக்கப்பட்டது நம் தஞ்சாவூரில். விளைந்ததை நல்ல விலைக்கு வாங்கி, பத்திரமாக வைத்து, இல்லாத ஊருக்கு அனுப்புவது அதன் வேலை.

எதிர்ப்பு எளிதாக இருக்கவில்லை. உரம் வாங்க அன்னியச் செலாவணி எங்கே என்று நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி கேட்டார். பணக்கார விவசாயிதான் பிழைப்பான் என்றார்கள் சிலர். அன்னிய விதையால் நாடு அடிமையாகும் என்றார்கள் இடதுசாரிகள். அதற்கு நடுவே மொழிப் போராட்டம் வெடித்தது. 1965 பிப்ரவரியில் அவரும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். ராஜினாமா ஏற்கப்படவில்லை, சுப்பிரமணியம் மறுபடி வேலைக்குத் திரும்பினார்.

விதைத்தவருக்குத் தோல்வி

1967 தேர்தல் வந்தது. தமிழ்நாட்டில் அரிசிப் பஞ்சமே தேர்தல் பேச்சு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது தி.மு.க. நாட்டுக்கே சோறு போட வழி தேடிய மந்திரி, அரிசி கிடைக்காத தம் சொந்த மாநிலத்து மக்களிடம் ஓட்டுக் கேட்டு நின்றார். கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். விருதுநகரில் காமராஜரும் தோற்றார்.

வரிசையில் காத்து நின்ற தாய்மார்களைக் குறை சொல்ல முடியாது. பசி அடுத்த போகம் வரை காத்திருக்காது.

ஆனால் அடுத்த போகம் வந்தது! 1967-ல் சுமார் 1 கோடியே 14 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1968-ல் 1 கோடியே 65 லட்சம் டன்னாக உயர்ந்தது. பஞ்சாபில் மூட்டைகளை அடுக்கக் கிடங்கு போதவில்லை. பள்ளிக்கூடங்களை மூடி, வகுப்பறைகளில் கோதுமையை வைத்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் கோதுமைப் புரட்சிக்குத் தபால்தலை வெளியிட்டார் பிரதமர் இந்திரா காந்தி. விதைத்தவர் அப்போது பதவியில் இல்லை.

பிற்காலத்தில் மத்திய நிதி மந்திரி, ராணுவ மந்திரி, மராட்டிய கவர்னர் என்று பல பதவிகள் வந்தன. 1998-ல் பாரத ரத்னா பட்டம் கிடைத்தது. 2000-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, 90-வது வயதில் காலமானார்.

நம் ஆற்றங்கரையில்

கோதுமையில் நடந்தது நெல்லிலும் நடந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் இந்தியாவெங்கும் பரவியது. 1937 முதல் இயங்கும் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் ஏ.எஸ்.டி.16 ரகத்தைக் கொடுத்தது. அது ஐ.ஆர்.8 வம்சத்தில் வந்த பிள்ளை. இட்லிக்கு ஏற்ற அந்தக் குண்டு அரிசியைத் தெரியாத வீடு நம் பக்கத்தில் உண்டா?

புதிய விதையால் நன்மை மட்டுமே வந்தது என்று சொல்ல முடியாது. பாட்டன் காலத்து நெல்வகைகள் பல மறைந்தன. உரச் செலவு ஏறியது. பஞ்சாபில் நிலத்தடி நீர் கீழே போய்விட்டது. ஆனால் சோற்றுக்காகக் கப்பலை எதிர்பார்த்து நிற்கும் நிலை நீங்கியது.

மிச்சம் இருப்பது கிடங்கு வேலை. அந்தக் காலத்தில் நம் வீடுகளில் பத்தாயமும் குலுக்கையும் இருந்தன. விதை நெல்லை வைக்கோல் பிரியால் கோட்டை கட்டி வைத்தார்கள். வேப்பிலையும் நொச்சி இலையும் போட்டுப் பூச்சியை விரட்டினார்கள். இன்று விளைச்சல் பெருகிவிட்டது. வைக்க இடம் இல்லை. களம் இல்லாத ஊர்களில் தார் ரோட்டில் நெல்லைக் காயப்போடுகிறார்கள். ராத்திரியில் அதைச் சுற்றிக் கல்லை அடுக்கி வைக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறவர் நெல்லில் சறுக்கினாலும் ஆபத்து, கல்லில் மோதினாலும் ஆபத்து. கொள்முதல் நிலைய வாசலில் மூட்டை நனைந்தால், விவசாயியின் நான்கு மாத உழைப்பு முளைவிட்டுப் போகிறது.

ஊருக்கு ஒரு சிமெண்டுக் களமும், மழை ஒழுகாத ஒரு கிடங்கும் கட்டினால் நெல்லும் பிழைக்கும், ரோட்டில் போகிற உயிரும் பிழைக்கும். விலையும் விதையும் கிடங்கும் சேர்ந்தே வர வேண்டும் என்று அன்றைக்கே கணக்குப் போட்டார் சுப்பிரமணியம். முதல் இரண்டும் நம் ஊர் எல்லைக்கு வந்துவிட்டன. மூன்றாவதைக் கேட்டு வாங்குவது, அடுத்த பிசான அறுவடைக்குள் நாம் செய்ய வேண்டிய காரியம்.