ஏழைக்கும் இராகம் கொடுத்த பாபநாசம் சிவன்



சினிமாப் பாட்டுத்தானே என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். கர்நாடக சங்கீதம் என்றால், அது நமக்கெதுக்கு, படிச்சவங்க சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். இந்த இரண்டு எண்ணத்தையும் மாற்றிய ஒரு மனிதரின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

தஞ்சை மாவட்டத்துப் போலகம் கிராமத்தில் 1890ஆம் ஆண்டு பிறந்தவர் இராமையா. ஏழு வயதில் தகப்பனாரை இழந்தார். தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். வறுமையிலும் படிப்பை விடவில்லை. சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணம் கற்றார், சங்கீதமும் பயின்றார். 1910இல் தாயாரும் கண்மூடினார். நிற்க நிழல் இல்லாத அந்த வாலிபர் என்ன செய்தார் தெரியுமா? கோயில் கோயிலாய்ப் போய்ப் பாடினார். உடம்பெல்லாம் திருநீறு பூசிய அவரைப் பார்த்த மக்கள் சிவன் என்றே அழைத்தார்கள். அவரே பாபநாசம் சிவன்.

அந்நாளில் கச்சேரி மேடைகளில் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகளே மிகுதி. சிவன் எளிய தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார். மயிலாப்பூரில் மார்கழிப் பனியில், கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய வீதிகளில் பஜனை பாடி வந்தார்.

1930களில் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியதும் சினிமா அவரை அழைத்தது. சினிமாதானே, எதையாவது எழுதிப் போடுவோம் என்று அவர் நினைக்கவில்லை. கீர்த்தனையில் வரும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டுக்கோப்பைச் சினிமாப் பாட்டிலும் வைத்தார். கச்சேரியில் வித்வான் ஓர் இராகத்தை அரை மணி நேரம்கூட விரித்துப் பாடுவார். இசைத்தட்டின் ஒரு பக்கமோ மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோகும். அந்தச் சின்ன இடத்துக்குள் இராகத்தின் உயிரை அடக்கினார். பாட்டு சுருங்கியது, இராகம் சுருங்கவில்லை!

அசோக்குமார், சிவகவி முதலிய படங்களில் அவர் பாட்டுகளை எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடினார். 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. கச்சேரிகளில் அதிகம் கேட்டிராத சாருகேசி இராகத்தை, அந்தப் படத்தில் வந்த ஒரே பாட்டு மக்கள் வாயில் முணுமுணுக்க வைத்தது. வண்டி ஓட்டுகிறவரும் பாடினார், களை பறிக்கிறவரும் பாடினார். இராகத்தின் பெயர் தெரியாது; ஆனால் இராகம் தெரியும்! இசைத்தட்டுகளாகக் கடல் கடந்து நம் தோட்டங்களுக்கும் அவை வந்தன. தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள்.

சினிமாவுக்கு எழுதியதால் சிவனின் மதிப்புக் குறைந்ததா? இல்லவே இல்லை. சென்னை மியூசிக் அகாடமி 1971இல் சங்கீத கலாநிதி விருது தந்தது. 1972இல் பத்மபூஷண் விருதும் வந்தது. 1973இல் அவர் மறைந்தார்.

பெற்றோர்களே, பிள்ளை ஒரு பாட்டை முணுமுணுத்தால் உடனே அதட்டாதீர்கள். அது நல்ல பாட்டா என்று கூட உட்கார்ந்து கேளுங்கள். மாணவர்களே, பிடித்த பாட்டு எந்த இராகம் என்று பாட்டுத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எளியவர்களுக்குத்தானே என்று தரத்தைக் குறைக்காமல் கொடுத்தார் சிவன். நாமும் எளியவர்கள்தானே என்று தரம் குறைந்ததை வாங்கிக்கொள்ளலாமா? சொல்லுங்கள்!