ஓசையற்ற உலகில் ஒரு மகாகவி

நவீன மலையாளக் கவிதையின் மும்மூர்த்திகள் எனக் குமாரன் ஆசான், உள்ளூர் பரமேஸ்வர ஐயர், வள்ளத்தோள் நாராயண மேனன் ஆகிய மூவரையும் போற்றுவர். கதகளிக்கு மறுவாழ்வு தந்தவர் வள்ளத்தோள் என்பதைத் தமிழர் பலரும் அறிவர். அக்கலையின் செண்டை முழக்கம் அவர் செவியில் விழவில்லை என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

1878-ஆம் ஆண்டு திரூருக்கு அருகே பிறந்த வள்ளத்தோள், ஆங்கிலக் கல்வி பெறாதவர். மரபு வழியில் வடமொழியும் ஆயுர்வேதமும் கற்றார். முப்பது வயது நிறையும் முன்பே வால்மீகி ராமாயணத்தை மலையாளத்தில் பெயர்த்து முடித்தார். புகழ் வளர்ந்து வந்த அந்த நாள்களில்தான் அவருடைய செவித்திறன் குன்றத் தொடங்கியது. விரைவில் முற்றிலும் நின்றது. மருத்துவம் பயின்றவருக்கும் தம் செவியை மீட்க வழி கிடைக்கவில்லை. அந்தத் துயரிலிருந்து பிறந்ததே, செவிடனின் புலம்பல் எனப் பொருள்படும் 'பதிரவிலாபம்' என்ற கவிதை.

புலம்பலோடு அவர் நின்றுவிடவில்லை. 'சித்திரயோகம்' என்னும் காவியமும், பல தொகுதிகளாக விரிந்த 'சாகித்ய மஞ்சரி'யும் அதன் பிறகு வந்தவையே. காந்தியடிகளைக் குருவாக ஏற்றுப் பாடினார். முதுமையில் ரிக்வேதத்தையும் மலையாளத்துக்குக் கொண்டுவந்தார்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்ப்பது அவருடைய கலாமண்டலப் பணி. கதகளியைப் புரந்துவந்த நிலவுடைமைக் குடும்பங்கள் நலிந்தபோது, அக்கலையும் தளர்ந்தது. ஒரு சிலரின் கொடையை நம்பியிருந்த கலைக்குப் பொதுமக்களின் ஆதரவைத் தேடினார் வள்ளத்தோள். நன்கொடை திரட்டினார், பரிசுச்சீட்டும் நடத்தினார். மணக்குளம் முகுந்த ராஜாவுடன் இணைந்து 1930-இல் கேரள கலாமண்டலத்தை நிறுவினார். பின்னர் அது பாரதப்புழைக் கரையிலுள்ள செறுதுருத்தியில் நிலைகொண்டது. கதகளி நடிகர் வாய் திறந்து பேசுவதில்லை. கைமுத்திரையும் கண்ணசைவுமே அவருடைய மொழி. செவி மூடிய கவிஞர், கண்ணால் கேட்கக்கூடிய கலையைக் காப்பாற்றினார். 1958-இல் அவர் மறைந்தார்.

அவர் மறைவதற்கு ஓராண்டு முன்பு, 1957-இல், பாரிஸில் ஜூர்னோ, எய்ரியே என்னும் இருவர், செவித்திறனற்ற ஒருவரின் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டி ஓசையை உணரச் செய்தனர். உட்செவியில் நத்தைக்கூடு போன்ற காக்ளியா இருக்கிறது. அதிலுள்ள நுண்மயிர் செல்கள் ஒலி அதிர்வை மின்குறிப்பாக மாற்றுகின்றன; சுமார் 30,000 இழைகள் கொண்ட செவி நரம்பு அதை மூளைக்குச் சுமந்து செல்கிறது. இச்செல்கள் அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் நரம்பு பிழைத்திருந்தால், செல்களின் வேலையைக் காக்ளியர் கருவி ஏற்று நரம்பை நேரடியாகத் தூண்டும். நரம்பே இல்லையென்றால் அக்கருவியால் பயனில்லை. 1827-இல் பீத்தோவனின் உடலைக் கூறாய்வு செய்த மருத்துவர், அவருடைய செவி நரம்புகள் சுருங்கியிருந்ததாகவே பதிவு செய்தார்.

வள்ளத்தோளின் சாதனையைப் போற்றும்போது நாம் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. அவர் செவியை இழக்கும் முன்பே மொழியைச் சேர்த்து வைத்திருந்தார். அந்த முதலைக் கொண்டே அரை நூற்றாண்டு வாழ்ந்தார். கேளாமல் பிறக்கும் குழந்தையிடம் அந்த முதல் இல்லை. முதல் சில ஆண்டுகளில் ஓசை எட்டாவிடில், மூளையில் பேச்சுக்கான பாதை செம்மையாக உருவாவதில்லை. பின்னர் கருவி பொருத்தினாலும் பலன் குறைவு.

நான் வாழும் நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி இருக்கிறது. அவ்விடத்து மண்ணைக் குழந்தையின் நாவில் வைத்தால் கல்வியும் சொல்வன்மையும் வாய்க்கும் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாள் நம்பிக்கை. கண் நோய் தீரக் கண்ணுடைய நாயகியை வேண்டுவதும் இவ்வூர் வழக்கம். நாவையும் கண்ணையும் எண்ணும் நாம் செவியை எண்ணுவதில்லை. பேசாத பிள்ளையைக் கண்டால், சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்கின்றனர். அந்த ஆறுதலில் கரைவது திரும்பக் கிடைக்காத காலம்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், தகுதியுள்ள ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. ஆனால் குறை கண்டறியப்பட்டால்தானே சிகிச்சை? பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும், மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும் முன்பே செவிப் பரிசோதனை நடந்தாக வேண்டும். கருவி பொருத்தியபின் பேச்சுப் பயிற்சியும், அதைப் பழுது பார்க்கும் வசதியும் சிற்றூர்க் குடும்பங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதைச் செலவென்று கணக்கெழுதுவது பிழை. ஒரு வாழ்நாள் முழுவதும் பலன் தரும் முதலீடு இது.

நாவில் மண் வைக்கும் வழக்கம் அப்படியே இருக்கட்டும். அதற்கு முன்பே, குழந்தையின் செவியைச் சோதித்துவிடுவோம்.