பாத்திரம் கழுவி, திராட்சை பறித்து அமெரிக்காவில் படித்த ஜே.பி: எமர்ஜென்சிக்கு 50 வருஷம் முந்தைய கதை

ஜெயப்பிரகாஷ் நாராயண் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? 1975, எமர்ஜென்சி, இந்திரா காந்தியை எதிர்த்து நின்ற உடம்பு முடியாத ஒரு பெரியவர். அவ்வளவுதான், இல்லையா? அதே மனிதர் கலிஃபோர்னியா தோட்டங்களில் கூலிக்குத் திராட்சை பறித்தவர். எஜுகேஷன் லோன், விசா, பார்ட் டைம் வேலை என்று நீங்களோ உங்க தம்பி தங்கச்சியோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், இந்தக் கதை உங்களுக்குப் பழக்கப்பட்டதாகவே இருக்கும்.

ஏன் அமெரிக்கா?

பீகாரில், கங்கையும் காக்ராவும் சேரும் இடத்தில் இருக்கிற சிதாப் தியாரா கிராமத்தில் 1902-ல் பிறந்தவர் ஜே.பி. பாட்னா கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சயின்ஸ் படித்தார். 1921 தொடக்கத்தில் ஒத்துழையாமை இயக்கத்துக்காக மௌலானா ஆசாத் பேசியதைக் கேட்டார். பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் கல்லூரியை விட்டு வெளியே வந்துவிட்டார்.

காங்கிரஸ்காரர்கள் தொடங்கிய பீகார் வித்யாபீடத்தில் இன்டர்மீடியட் முடித்தார். அதற்கு மேல் சயின்ஸ் படிக்க அங்கே வழியில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகமோ அரசு மானியம் வாங்குகிறது என்பதால் அதுவும் வேண்டாம் என்றார். பிரிட்டன் பற்றிக் கேட்கவே வேண்டாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று கேள்விப்பட்ட ஒரே நாடு அமெரிக்கா.

அப்போது அவருக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. மனைவி பிரபாவதி அவரைவிடச் சின்னவர், பதின்வயதுப் பெண். அவர் கூடப் போகவில்லை, சபர்மதி ஆசிரமத்துக்கு காந்தி, கஸ்தூர்பாவிடம் போய்ச் சேர்ந்தார். 1922-ல் கல்கத்தாவில் கப்பல் ஏறிய ஜே.பி.க்கு வயது 19. ஜப்பான் வழியாகப் போய், அக்டோபரில் கலிஃபோர்னியாவில் இறங்கினார்.

கையில் காசில்லாத மூன்று மாதம்

பெர்க்லியில் வகுப்பு சேர ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து சாப்பிடப் பணம் இல்லை. நேராகப் போன இடம் திராட்சைத் தோட்டம். பறிப்பது, வெயிலில் பரப்பிக் காய வைப்பது, பிறகு பழங்களை பேக் செய்வது. உடம்பு வளைத்து வேலை செய்து பழக்கமில்லாத குடும்பத்துப் பையன் அவர். அந்தக் காலத்தில் கலிஃபோர்னியா பண்ணைகளில் பஞ்சாபிக் கூலித் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

(இன்றைய எஃப்-1 விசாவில் இப்படிப் பண்ணைக்குக் கூலி வேலைக்குப் போனால் விசாவுக்கே வேட்டு. அன்றைக்கு வேறு மாதிரிச் சிக்கல். அவர் பெர்க்லியில் சேர்ந்த அடுத்த மாதமே, 1923 பிப்ரவரியில், பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, குடியுரிமை கிடையாது. திண்ட் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்!)

பெர்க்லியில் ஃபீஸ் ஏறியது, கட்ட முடியவில்லை. செலவு குறைவு என்று அயோவாவுக்கு மாறினார். பிறகு விஸ்கான்சின், கடைசியில் ஒஹாயோ. இடையிடையே ஓட்டலில் பாத்திரம் கழுவினார், கராஜில் மெக்கானிக் வேலை பார்த்தார், இறைச்சிக் கூடத்திலும் நின்றார், லோஷன்கூட விற்றார். ரெஸ்யூமேயில் போட்டால் எந்த ஹெச்.ஆரும் குழம்பிப்போவார்.

கெமிஸ்ட்ரி போய் மார்க்ஸ்

விஸ்கான்சினில்தான் திருப்பம். இடதுசாரி மாணவர்களின் சகவாசம், மார்க்ஸ், எம்.என். ராய் எழுத்துகள். கெமிஸ்ட்ரியை விட்டு சமூகவியலுக்கு மாறினார். அவரை மாற்றியது புத்தகங்கள்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன விலை என்று தோட்டத்திலும் தொழிற்கூடத்திலும் நின்று தெரிந்துகொண்ட பிறகு மார்க்ஸைப் படித்தவர் அவர். நூலகத்தில் மட்டும் இருந்தவருக்கு அந்தப் பக்கங்கள் வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

மாஸ்கோ போகும் ஆசையும் வந்தது. அதற்குள் உடம்பு படுத்துவிட்டது. மாதக்கணக்கில் படுக்கை, ஊரெல்லாம் கடன். செய்தி கேட்டு வீட்டில் பதறிப்போனார்கள். மாஸ்கோ வேண்டாம் என்று ராஜேந்திர பிரசாத்தும் கடிதம் எழுதினார். தேறி எழுந்து ஒஹாயோவில் பி.ஏ., அடுத்து 1929-ல் எம்.ஏ. முடித்தார். டாக்டரேட் எண்ணம் இருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றதும் அதை அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு

வீட்டில் காத்திருந்தது வேறு ஒரு செய்தி. பிரபாவதி ஆசிரமத்தில் இருந்தபோதே பிரம்மசரிய விரதம் எடுத்திருந்தார். மார்க்சியராகத் திரும்பி வந்தவருக்கு இதில் நம்பிக்கை கிடையாது. தன் வாழ்க்கையையும் சேர்த்துப் பாதிக்கிற முடிவு தான் இல்லாத நேரத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அதை மதித்தார். 1973-ல் பிரபாவதி இறக்கும்வரை இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள். தூரத்தில் இருந்தபடி உறவைக் காப்பாற்றப் பார்க்கிறவர்களுக்கு இதிலுள்ள கஷ்டம் புரியும்.

சரி, வேலை? நேரு அவரை அலகாபாத்துக்கு அழைத்தார், காங்கிரஸின் தொழிலாளர் ஆய்வுப் பிரிவைப் பார்த்துக்கொள்ள. தலைவர்கள் வரிசையாகச் சிறைக்குப் போக, ஜே.பி. தலைமறைவாகக் கட்சியை நடத்தினார். 1932-ல் போலீஸிடம் அவர் சிக்கியது நம்ம சென்னையில்தான்.