கழற்றினார்... பூட்டினார்!



எங்கள் ராயபுரத்தில் தெருவில் நடந்தால், பனியன் கம்பெனி மெஷின் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அந்த மெஷின்களை ஓட்டுவது மோட்டார். உங்கள் வீட்டு மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் பம்பு எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். அந்த மோட்டாரை நம் நாட்டிலேயே செய்ய முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர், நம் பக்கத்து ஊர்க்காரர். திருப்பூரிலும் தொழில் செய்தவர். யார் தெரியுமா? ஜி.டி.நாயுடு!

கோவைக்கு அருகில் உள்ள கலங்கல் என்ற கிராமத்தில், 1893ம் ஆண்டு மார்ச் 23ம் தேதி பிறந்தார். முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை; தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்று போனது.

உடனே, 'பார்த்தீர்களா சார், படிக்காமலேயே பெரிய ஆள் ஆகலாம்' என்று துள்ளாதீர்கள். அவர் நிறுத்தியது பள்ளிக்கூடத்தைத்தான், படிப்பதை அல்ல. கிடைத்த புத்தகங்களைத் தானாகவே தேடிப் படித்தார்.

ஒருநாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த வண்டியைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை; ஆனால், தானாக ஓடியது. அது, இங்கிலாந்தில் செய்த 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிள். அன்றே அது அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. அதை வாங்கக் காசு வேண்டுமே? கோவைக்குப் போனார். ஓட்டல் ஒன்றில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். கிடைத்த கூலியைச் செலவழிக்காமல், சிறுகச் சிறுகச் சேர்த்து, முந்நூறு ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார்.

ஆசைப்பட்ட வண்டி கைக்கு வந்தால், நாம் என்ன செய்வோம்? ஊரைச் சுற்றுவோம். அவரோ, அதைக் கழற்றிப் போட்டார்!

பெட்ரோல் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பெட்ரோலும் காற்றும் கலந்து, சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் மேலே வந்து, அதை அழுத்தும். சரியான நொடியில் ஒரு தீப்பொறி. உடனே அந்தக் கலவை எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளும். அந்தத் தள்ளல்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. பெட்ரோல், காற்று, அழுத்தம், பொறி... இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் வண்டி கிளம்பாது. பழைய எஞ்சினைச் சரிசெய்யும் மெக்கானிக்குகள் இன்றும் இந்த நான்கையும்தான் ஒவ்வொன்றாகப் பார்ப்பர்.

கழற்றுவது எளிது, ஸ்பேனர் இருந்தால் போதும். பூட்டுவதுதான் கடினம். எந்த வாஷர் எந்த போல்ட்டுக்கு அடியில் இருந்தது, எந்தப் பல்சக்கரம் எதோடு சேர்ந்திருந்தது என்று ஒவ்வொன்றாக நினைவில் வைக்க வேண்டும். ஒன்று மாறினாலும் எஞ்சின் ஓடாது.

என் வகுப்பில் படித்த ஒரு பையன், வீட்டு மேசை விசிறியைக் கழற்றிவிட்டான். திரும்பப் பூட்டியபோது, நான்கு ஸ்குரூ மிச்சம்! விசிறி சுற்றவில்லை, அப்பாவிடம் வாங்கியதில், அவன் தலைதான் சுற்றியது. அடுத்த முறை கழற்றும்போது, பழைய வேட்டியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தான். அந்த முறை விசிறி சுற்றியது.

நாயுடு, மோட்டார் சைக்கிளைத் திரும்பப் பூட்டினார். சொல்லித் தர ஆள் இல்லாமல், கழற்றியும் பூட்டியுமே மெக்கானிக் ஆனார்.

அடுத்து திருப்பூருக்கு வந்தார். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் பேக்டரி வைத்தார். அது முதல் உலகப்போர் நடந்த காலம். பஞ்சுக்கு நல்ல விலை. கையில் பணம் சேர்ந்தது. அந்தப் பணத்தோடு மும்பை போய், பெரிய பருத்தி வியாபாரிகளோடு போட்டி போட்டார். சேர்த்ததெல்லாம் போனது! வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். கழற்றிப் போட்ட எஞ்சின் போல, அவர் வாழ்க்கையே சிதறிக் கிடந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தனக்கு நன்றாகத் தெரிந்தது எது என்று யோசித்தார். எஞ்சின்! கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியுடன், 1920ல் ஒரே ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே, அதை அவரே ஓட்டினார். ஒன்று பலவாகி, 'யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்' என்ற பெரிய பஸ் கம்பெனி ஆனது. வண்டிகளைப் பழுது பார்க்கத் தனியாகப் பட்டறையும் வைத்தார்.

அடுத்தது மின் மோட்டார். அன்று மோட்டார் வேண்டுமென்றால், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். 1937ல், டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, கோவை பீளமேட்டில் மின் மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்வர். பிறகு, கோவையில் மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் பெருகின. கிணற்றில் ஏற்றம் இறைத்த விவசாயிக்கு, சுவிட்ச் போட்டால் தண்ணீர் வந்தது.

சின்ன மோட்டார் வைத்த சவர ரேசர், மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு மெஷின் என்று அவர் செய்தவை பல. எல்லாமே வெற்றி பெறவில்லை. 1952ல், இரண்டு பேர் போகும் சின்ன கார் ஒன்றை உருவாக்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய்தான்! தயாரித்து விற்க, அரசு அனுமதி கிடைக்கவில்லை. அதற்காக அவர் ஓய்ந்துவிடவில்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பள்ளிக்கூடம் பிடிக்காத அவரே, 1945ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார், முதல்வராகவும் பணியாற்றினார்! அவிநாசி ரோட்டில் கோவைக்கு பஸ்ஸில் போகும்போது, கண்டக்டர், 'ஹோப் காலேஜ்... ஹோப் காலேஜ்...' என்று கூவுவாரே, அந்தப் பெயர் வந்தது இப்படித்தான். கையால் செய்து பார்த்தால், தொழிலைச் சீக்கிரமே கற்றுக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை.

1974ம் ஆண்டு ஜனவரி 4ம் தேதி மறைந்தார். 2025ல், கோவை அவிநாசி ரோட்டில் திறக்கப்பட்ட, பத்து கிலோ மீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டியுள்ளனர். அதே ரோட்டில், ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கார்களைச் சீர் செய்து வைத்துள்ளனர். விடுமுறையில் அப்பா, அம்மாவோடு போய்ப் பாருங்கள்.

உங்கள் வீட்டிலும் ஓடாத கடிகாரமோ, உடைந்த பொம்மை காரோ கிடக்கும். பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, கழற்றிப் பாருங்கள். மின்சாரத்தில் ஓடும் எதையும், பெரியவர் துணையில்லாமல் தொடாதீர்கள். கீழே ஒரு துணி விரித்து, வரிசையாக அடுக்குங்கள். முக்கியமாக, திரும்பப் பூட்டும் வரை எழுந்திருக்காதீர்கள்!