கூலி கொடுக்க இயலாத அன்னையார்

பிள்ளை படிப்பில் தேறினால் பெற்றோர் அது தம்மால் என்கின்றனர். தவறினால் ஆசிரியர் மீது பழி சுமத்துகின்றனர். ஆசிரியரோ வீட்டைக் குறை கூறுகின்றார். இவ்வழக்கிற்கு இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் இளமைப் பருவம் நல்லதொரு விடை பகர்கின்றது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரையூர்களில் பின்பற்றப்படும் மத்ஹபின் இமாமாகிய அவர்கள், ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) காஸாவில் பிறந்தார்கள். பிள்ளை கைக்குழந்தையாய் இருக்கையிலேயே தந்தையார் மறைந்தார்கள். குறைஷிக் குலத்துப் பிள்ளை தன் இனத்தாரிடையே வளர வேண்டுமெனக் கருதிய அன்னையார், இரண்டு வயதுக் குழந்தையுடன் மக்கமாநகர் சென்றார்கள்.

அங்கே ஓதும் பள்ளியில் மகனைச் சேர்த்தார்கள். ஆனால் உஸ்தாதுக்குக் கொடுக்கக் கூலி இல்லை. கூலி வராத பிள்ளையை உஸ்தாதும் முதலில் பொருட்படுத்தவில்லை. சிறுவரோ, மற்றப் பிள்ளைகளுக்கு நடக்கும் பாடத்தைக் கேட்டே மனனம் செய்தார். உஸ்தாது எழுந்து சென்றதும் அதனை அவர்களுக்கு ஓதிக் கொடுத்தார். இதனைக் கண்ட உஸ்தாது, அப்பணியையே கூலியாக ஏற்றுக்கொண்டார். ஏழு வயதில் திருக்குர்ஆன் முழுவதும் மனனமாயிற்று. காகிதம் வாங்க வழியின்றி, எலும்புகளிலும், எழுதிக் கழித்த ஏடுகளின் பின்புறத்திலும் பாடங்களை எழுதினார்கள்.

பின்னர் மக்காவின் முஃப்தி முஸ்லிம் இப்னு காலித் (ரஹ்) அவர்களிடமும், மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமும் பயின்றார்கள். ஹிஜ்ரி 179-ல் (கி.பி. 795) இமாம் மாலிக் மறைந்தபின், யமன் செல்லும் வாய்ப்பு வந்தது. வழிச்செலவுக்குக் கொடுக்க அன்னையாரிடம் பொருளில்லை. வீட்டை அடகு வைத்தே பயணம் நடந்ததென வரலாறு கூறுகின்றது. 'ரிஸாலா', 'அல்உம்மு' ஆகிய நூல்களை உலகிற்கு அளித்த இமாம் அவர்கள், ஹிஜ்ரி 204-ல் (கி.பி. 820) எகிப்தில் மறைந்தார்கள். 'உம்மு' என்னும் அரபுச் சொல்லுக்குத் தாய் என்பதே பொருள்.

பெற்றோர்களே! கட்டணம் செலுத்தியதும் கடமை தீர்ந்ததென எண்ணாதீர்கள். அவ்வன்னையார் கட்டணம் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் கொடுத்தார்கள். ஆசிரியப் பெருமக்களே! அந்த உஸ்தாது தம் போக்கை மாற்றிக் கொள்ளாதிருந்தால், அன்னையாரின் பாடெல்லாம் பள்ளி வாசலோடு நின்றிருக்கும். பிள்ளையை வாசல்வரை கொண்டு சேர்ப்பவர் பெற்றோர். உள்ளே அழைத்து அமர்த்துபவர் ஆசிரியர். இருவரில் ஒருவர் கைவிட்டாலும் பிள்ளை வெளியில்தான் நிற்கும். கூலி தர இயலாத பிள்ளை எவரேனும் உங்கள் முன் அமர்ந்திருக்கின்றாரா என்று இன்றே பாருங்கள்.