பச்சையப்பரின் மரண சாஸனம்

சென்னைவாசிகளுக்குப் பச்சையப்ப முதலியார் என்னும் பெயர் ஒரு கலாசாலையின் பெயராகவே பழகிப் போய்விட்டது. அவரோ தமது ஜீவிய காலத்தில் கலாசாலை எதையும் ஸ்தாபித்தவரல்லர். நாற்பது வயதில் காலஞ்சென்ற ஒரு துபாஷின் உயில், அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின் பள்ளிக்கூடமாக முளைத்த விருத்தாந்தம் நேயர்கள் அறிய வேண்டியதொன்று.

அவர் பிறந்தது 1754-ல். பிறக்குமுன்பே தகப்பனாரை இழந்தவர். ஆதரவற்ற அக்குடும்பத்துக்குப் பௌனி நாராயண பிள்ளை என்ற சென்னைத் துபாஷ் அடைக்கலம் அளித்தார். பையன் அவரிடமே தொழில் பயின்றான். வாலிபம் கடப்பதற்குள் பச்சையப்பர் தாமே பெரிய துபாஷாகி, கும்பெனியாருக்கும் தஞ்சாவூர் ஸமஸ்தானத்துக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் நடத்தி, அரசருக்கே கடன் கொடுக்கும் நிலையை எய்தினார். கோமளீசுவரன்பேட்டையில் வாஸம். நாள்தோறும் கூவத்தில் நீராடிய பின்னரே பூஜைக்கு அமர்வார் என்பர். இன்றைய கூவத்தைக் கண்டவர்கள் இதை நம்புவது கடினம். சிதம்பரம் கிழக்குக் கோபுரத் திருப்பணியில் அவருடைய கைங்கரியம் பிரஸித்தமானது.

1794-ஆம் வருஷம் தஞ்சைச் சீமையில் அவர் நோய்வாய்ப்பட்டார். மார்ச்சு 22-ந் தேதி கும்பகோணத்தில் மரண சாஸனம் எழுதி வைத்தார். அதே மாதம் 31-ந் தேதி திருவையாற்றில் உயிர் நீத்தார். தெய்வ கைங்கரியங்களுக்கும் தான தர்மங்களுக்கும் ஆஸ்தியை ஒதுக்கி, அதை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மை வளர்த்த நாராயண பிள்ளையிடமே ஒப்புவித்தார்.

தகராறு இங்கேதான் பிறந்தது. உயிலும் டிரஸ்டும் வெவ்வேறு. உயில், எழுதியவர் உயிரோடிருக்கும் வரை வெறுங்காகிதம், நினைத்தபோது கிழித்தெறியலாம். அவர் கண் மூடிய பிறகே அதற்கு வாய் திறக்கும். டிரஸ்டிலோ, சொத்து ஒருவர் கையில் இருக்கும், அதன் பயன் வேறொருவருக்கு உரியதாகும்; கையில் வைத்திருப்பவர் காவற்காரரேயன்றி எஜமானரல்லர். பத்திரத்தின் தலைப்பில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்பது முக்கியமன்று. எழுதியவர் என்ன கருதினார் என்பதையே நியாயஸ்தலம் பார்க்கும். பச்சையப்பர் எழுதியது, அமுலுக்கு வரும் காலத்தால் உயில். சுமத்திய கடமையால் டிரஸ்டு. ஒரே ஏட்டில் இரண்டும் இருக்கலாம் என்பதை வக்கீல்களே சில வேளை மறந்துவிடுகிறார்கள்.

மேலும், நமது ஸ்மிருதிகளில் தானம் உண்டு, உயிலுக்குத் தனிப் பெயர்கூட இல்லை. ஹிந்துக்களின் உயிலுக்கு இரண்டு சாட்சிகளின் கையொப்பம் வேண்டுமென்ற விதி 1870-ஆம் வருஷத்துச் சட்டத்தால் சென்னை முதலிய நகரங்களுக்கு வந்தது. 1927 முதல் எங்கும் பரவியது. 1794-ல் சட்டம் கேட்டது எழுதியவரின் கருத்து ஒன்றைத்தான்.

அந்தக் கருத்து தெளிவாயிருந்தும் பலன் கிட்டவில்லை. உறவினர் உரிமை கொண்டாடினர். பொறுப்பேற்றவர்களின் நிர்வாகம் சீர்கெட்டது. காவற்காரரின் கை எஜமானரின் கையாக மாறியது என்று சொன்னால் மிகையாகாது. தர்மத்துக்கு வாயில்லை, பசித்த பரதேசி சுப்ரீம் கோர்ட்டில் பிராது கொடுக்க முடியுமா? பொது தர்மங்களுக்காக வழக்காடும் அதிகாரம் அட்வொகேட் ஜெனரலுக்கு உண்டு. அப்பதவியிலிருந்த ஸர் ஹெர்பர்ட் காம்ப்டன் இவ்விஷயத்தைக் கையிலெடுத்தார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் நார்ட்டன் அதை முடிவுக்குக் கொண்டு வந்தார். அந்நியராட்சியின் உத்தியோகஸ்தர்களென்றாலும், இக்காரியத்தில் அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்வதில் குறைவில்லை.

வழக்கு நீண்டதில் விநோதமான ஒரு லாபம் விளைந்தது. செலவாகாமல் கிடந்த பணம் வட்டியால் பெருகிவிட்டது. கோயில் கைங்கரியங்களுக்கும் அன்னதானத்துக்கும் ஒரு லக்ஷம் வராகன், அதாவது மூன்றரை லக்ஷம் ரூபாய், ஒதுக்கிய பின்னும் பெருந்தொகை மிஞ்சியது. தர்மம் செய்வதே எழுதியவரின் பொதுவான நோக்கமாயிருக்கும்போது, மிச்சத்தை வாரிசுகளுக்குப் பங்கிடாமல், அந்நோக்கத்துக்கு இசைந்த வேறு தர்மத்துக்குச் செலவிடலாம் என்பது ஆங்கில நியாயஸ்தலங்களின் கொள்கை. அதன்படி மிச்சம் ஹிந்துச் சிறுவர்களின் கல்விக்குப் போயிற்று. இறந்தவரின் வார்த்தையைக் கோர்ட்டு இவ்வளவு தூரம் நீட்டலாமா என்று கேட்போருண்டு. நீட்டாவிட்டால் அப்பணம் யார் வீட்டுக்குப் போயிருக்கும் என்பதே நமது பதில் கேள்வி.

1842-ல் பிராட்வேயில் பள்ளி திறக்கப்பட்டது. 1850-ல் சைனா பஜாரில் கிரேக்கக் கோயில் போன்ற தூண்களுடன் மண்டபம் எழுந்தது. 1889-ல் அது கலாசாலையாக உயர்ந்தது. உயில் எழுதப்பட்ட அதே கும்பகோணத்திலிருந்து 1906-ல் ஓர் ஏழைப் பையன் இக்கலாசாலையில் வந்து சேர்ந்தான். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தவறி, எப். ஏ. பரீக்ஷையில் தோற்றுப்போனான். அவன் பெயர் ராமானுஜன்.